ஏன் அங்கே நிறுத்தினீர்கள்?

(பண்புசார் ஆய்வில் மாதிரி அளவு பற்றி ஆய்வு மாணவர்கள், நெறியாளர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சினாப்சிஸ் தாக்கல் செய்கிற நாளில் எல்லா ஆய்வு மாணவர்களும் பயந்து, பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிற கேள்வி ஒன்று உண்டு: "சாம்பிள் எவ்வளவு?" கமிட்டியில் இருப்பவர் தலைப்பைக்கூட முழுதாகப் படித்திருக்க மாட்டார், இதைக் கேட்டுவிடுவார். மாணவர் "384" என்றால் தலையாட்டுவார். "சுமார் 20 பேரிடம் விரிவான நேர்காணல்" என்றால் மூக்குக்கண்ணாடி கீழே இறங்கும். "இருபது பேரை வைத்துக்கொண்டு என்னம்மா சொல்லப் போறீங்க?"

கேள்வி நியாயமானதுதான். அதற்கு நம் மாணவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலில்தான் நியாயம் குறைவு. "சாச்சுரேஷன், அதாவது நிறைவுநிலை, வந்துவிட்டது, சார்" என்கிறார்கள். எப்போது வந்தது, எதில் வந்தது, வந்ததை எப்படிக் கண்டுகொண்டீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தால் நெறியாளரின் முகத்தைப் பார்க்கிறார்கள். நெறியாளர் ஜன்னலைப் பார்க்கிறார்.

முதலில் அந்த 384. வணிகவியல், மேலாண்மைத் துறை ஆய்வேடுகளில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் எண் இது. இதற்குப் பின்னால் சாதாரணக் கணக்கு ஒன்றுதான் இருக்கிறது. 95 விழுக்காடு நம்பகம் வேண்டும், பிழை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, பதில்கள் பாதிக்குப் பாதியாகப் பிரியக்கூடும். இந்த மூன்றையும் சூத்திரத்தில் போட்டால் 384 சொச்சம் வரும். மக்கள்தொகை பத்து லட்சமானாலும் பத்துக் கோடியானாலும் அது பெரிதாக மாறாது. 1970இல் கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் இதை ஓர் அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தார்கள். நகலின் நகலாக அது நம்மிடம் வந்து சேர்ந்தது. வரும் வழியில் ஒரு நிபந்தனை உதிர்ந்து போனது. அந்த 384 பேரும் குலுக்கல் முறையில், எல்லோருக்கும் சமவாய்ப்பு கொடுத்து எடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். கூகுள் ஃபார்ம் இணைப்பை நான்கு வாட்ஸப் குழுக்களில் போட்டு, 384 வந்ததும் மூடிவிடுகிற ஆய்வுக்கு அந்தச் சூத்திரம் பொறுப்பேற்காது. அதை யாரும் வைவாவில் கேட்பதில்லை. இருபது பேரைத்தான் கேட்கிறார்கள்.

எண்ணுக்குரிய கேள்வியும் எண்ணுக்கு அடங்காத கேள்வியும் ஒரே நோயைச் சுற்றியே எழக்கூடும். நம் சென்னையிலேயே அதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1956இல் இங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு என்று உலகமே நம்பிய காலம். மருந்து இருந்தால் வீட்டிலேயே குணமாகுமா என்று இந்த மையம் கேட்டது. நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம், மறுபாதிக்கு நெரிசல் மிகுந்த சொந்த வீடு. இரு தரப்புக்கும் ஒரே மருந்துகள், ஐசோநியாசிடும் பாஸும், ஓராண்டுக்கு. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே கேள்வி "எது மேல்?" என்பது. விடை ஒரு விகிதம். ஆகவே எத்தனை பேர் என்பதற்கும் கணக்கு உண்டு.

இப்போது அதே நோயில் இன்னொரு கேள்வி. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்றாகிவிட்டது. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை. அதை மூன்றாம் மாதத்தில் ஒருவர் ஏன் நிறுத்துகிறார்? இதற்கு விகிதம் கேட்டால் "பக்க விளைவு 31 விழுக்காடு, மறதி 22 விழுக்காடு" என்று ஏதாவது வரும். அவை நாம் படிவத்தில் முன்கூட்டியே அச்சடித்த காரணங்கள். நாம் அச்சடிக்காத காரணம் எதுவும் அதில் வராது.

ஆகவே ஒரு மாணவி நேரே போய் உட்கார்ந்து பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் கொத்தனார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, எடை ஏறியது, சாரத்தில் ஏறப் போய்விட்டார். "நோய் போச்சு, அப்புறம் எதுக்கு மாத்திரை?" இரண்டாமவருக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. அது ரிஃபாம்பிசினின் நிறம்தான், ஆனால் யாரும் சொல்லவில்லை. ரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்திவிட்டார். மூன்றாமவருக்குக் குடி. குடித்த நாளில் மாத்திரை போட்டால் ஈரல் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவர் இரண்டில் ஒன்றை விட்டுவிட்டார். நான்காமவர் வேலைக்குத் திருப்பூர் போனார், சிகிச்சை அட்டை ஊரிலேயே கிடக்கிறது. ஐந்தாமவர் மறுபடியும் கொத்தனார் கதை. ஏழாவது, எட்டாவது வருவதற்குள் மாணவிக்கு அடுத்த வாக்கியம் என்னவென்று தெரிந்துவிடுகிறது. போதுமா?

அப்படி நினைத்துக்கொண்டிருக்கையில் ஒன்பதாவதாக, கல்யாணமாகி நான்கு மாதமான ஒரு பெண். மாத்திரைப் பட்டையை மாமியாருக்குத் தெரியாமல் அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். மாமியார் அரிசி எடுக்கும் நேரம் பார்த்து இடம் மாற்றுகிறாள். ஒரு நாள் மாற்ற முடியவில்லை. அன்றோடு நின்றது மருந்து. அதுவரை வந்த எட்டுப் பேரும் ஆண்கள் என்பது மாணவிக்கு அப்போதுதான் உறைக்கிறது. எட்டோடு நிறுத்தி, "நிறைவுநிலை எட்டப்பட்டது" என்று எழுதியிருந்தால் அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இருக்காது. ஆண்களைப் பொறுத்தவரை அப்படித்தான். ஆனால் ஆய்வின் தலைப்பு "நோயாளிகள்" என்றுதானே இருக்கிறது.

நிறைவுநிலை என்ற கருத்து எங்கே பிறந்தது என்று பார்த்தால் இந்த இடறல் ஏன் நேர்கிறது என்று புரியும். பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1960களில் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டார மருத்துவமனைகளில், சாகப்போகிறவர்களைச் சுற்றி என்ன நடக்கிறது, யாருக்கு எவ்வளவு தெரியும், யார் யாரிடம் மறைக்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். எந்த வார்டுக்குப் போவது என்பதை அவர்கள் தீர்மானித்த முறையைப் பாருங்கள். முதலில் குறைமாதக் குழந்தைகளின் வார்டு, பிறகு நினைவிழந்து கிடப்பவர்கள் அதிகமுள்ள நரம்பு அறுவை வார்டு. தான் சாகிறோம் என்று நோயாளிக்கே தெரியாத இடங்கள் அவை. அடுத்து, மரணம் எதிர்பார்க்கப்பட்டு வேகமாக நிகழும் தீவிர சிகிச்சைப் பிரிவு. அதற்கடுத்து, அது மெதுவாக வரும் புற்றுநோய் வார்டு. ஒவ்வொரு வார்டிலும் பார்த்ததுதான் அடுத்த வார்டைத் தேர்ந்தெடுத்தது. 1967இல் வெளிவந்த அவர்களுடைய நூலில், ஒரு கருத்தை வளர்க்கப் புதிய தரவு இனி எதையும் தரவில்லை என்றால் அந்தக் கருத்து நிறைந்துவிட்டது என்றார்கள்.

வேறுபாட்டை உற்றுக் கவனியுங்கள். தங்கள் கருத்தை உடைக்கக்கூடிய இடத்தைத் தேடித் தேடிப் போய், அங்கேயும் அது உடையவில்லை என்ற பிறகுதான் நிறுத்தினார்கள். நாம் என்ன செய்கிறோம்? கிடைத்த பத்துப் பேரிடம் பேசுகிறோம். அவர்கள் கைகாட்டும் இன்னும் பத்துப் பேரிடம், அதாவது அவர்களுடைய சொந்தக்காரர்களிடமும் கூட்டாளிகளிடமும் பேசுகிறோம். எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்?

மூலநூலிலிருந்து விலகி நிறைவுநிலை வெறும் எண்ணாக மாறியதற்கு ஒரு நல்ல கட்டுரைதான் காரணம். நல்ல கட்டுரை என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் குற்றம் அதன்மேல் இல்லை. 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் எழுதியது. கானாவில் 30, நைஜீரியாவில் 30 என எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து அதிகமுள்ள 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்கள் அவர்களிடம் இருந்தன. அவற்றை ஆறு ஆறாகப் பிரித்துப் படித்து, ஒவ்வொரு ஆறுக்கும் எத்தனை புதிய குறிகள், அதாவது பேச்சில் வரும் விஷயங்களுக்கு இடும் பெயர்கள், பிறக்கின்றன என்று எண்ணினார்கள். முதல் ஆறிலேயே 80 குறிகள் வந்துவிட்டன. அடுத்த ஆறில் இன்னும் 20. மொத்த கானா நேர்காணல்களும் முடிந்தபோது 109. நைஜீரியா முழுவதும் சேர்ந்து கூட்டியது வெறும் ஐந்து. ஆக, 12 நேர்காணலில் 114இல் 100 வந்துவிட்டது.

அன்றிலிருந்து "12 போதும் (கெஸ்ட் மற்றும் பிறர், 2006)" என்ற அடைப்புக்குறி உலகெங்கும் ஆய்வேடுகளில் ஒட்டப்படுகிறது. ஒட்டுகிறவர்களில் பலர் அந்தக் கட்டுரையின் பிற்பகுதியைப் படிப்பதில்லை. எங்கள் ஆய்வில் பங்கேற்றவர்கள் ஓரளவு ஒரே மாதிரியானவர்கள், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டோம், ஆய்வின் நோக்கம் குறுகலானது, இவை மாறினால் 12 போதாமல் போகலாம் என்று ஆசிரியர்களே அங்கே எச்சரித்திருக்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். மூன்று அடுப்பில் மூன்று பானை கொதிக்கும்போது ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்துவிட்டு எல்லாம் வெந்தது என்று நம் வீட்டில் யாரும் இறக்கி வைப்பதில்லை. நம் மாணவியின் ஆய்வில் கொத்தனார் ஒரு பானை, புது மருமகள் இன்னொன்று.

அந்த மூவரும் கொடுத்த உண்மையான கொடை 12 என்ற எண் இல்லை, எண்ணிப் பார்த்த முறைதான். படித்துக்கொண்டே போனால் எங்கே தேய்கிறது என்று காட்ட முடியும் என்று நிரூபித்தார்கள். அந்த முறையை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு, எண்ணை எடுத்துக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

பதினோரு ஆண்டு கழித்து ஹெனிங்க், கைசர், மார்கோனி ஆகியோர் அதற்கு அடுத்த அடியை வைத்தார்கள். எச்.ஐ.வி. சிகிச்சைக்குத் தொடர்ந்து வருவதும் நின்றுபோவதும் பற்றி அமெரிக்காவின் அட்லாண்டாவில் எடுத்த 25 நேர்காணல்களை வைத்துக்கொண்டு, இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்டார்கள். எல்லா விஷயங்களும் எப்போது தலைகாட்டி முடிகின்றன? எல்லா விஷயங்களும் எப்போது புரிந்து முடிகின்றன? முதலாவது ஒன்பது நேர்காணலில் முடிந்தது. இரண்டாவதற்கு 16 முதல் 24 வரை தேவைப்பட்டது. கண்ணுக்குத் தெரிகிற, தொட்டுச் சொல்லக்கூடிய காரணங்கள் சீக்கிரம் விளங்கிவிடுகின்றன. மனத்துக்குள் இருப்பவை விளங்க நாளாகிறது. சில கடைசிவரை முழுதாக விளங்கவே இல்லை.

மாணவியின் நோட்டுக்குத் திரும்புவோம். "வெட்கம்" என்ற குறி அவளுக்கு நான்காவது நேர்காணலிலேயே கிடைத்திருக்கலாம். திருப்பூரில் ஒரே அறையில் தங்கும் ஆறு பேர் முன்னால் மாத்திரை விழுங்கவும் வெட்கம்தான், மாமியாரிடம் சொல்லவும் வெட்கம்தான். ஆனால் முன்னவனுக்கு அறையை விட்டுத் துரத்திவிடுவார்களோ என்ற கவலை. பின்னவளுக்குப் "பெண் வீட்டார் மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள்" என்று தன் அப்பாவின் பெயர் கெட்டுவிடுமே என்ற கவலை. ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்குக் காசநோய் வந்ததே வெட்கமில்லை, அரசு மருத்துவமனை வரிசையில் தெரிந்தவர் பார்த்துவிட்டதுதான் வெட்கம். குறி ஒன்று, உள்ளே மூன்று வாழ்க்கை. குறி வந்ததுமே நிறுத்தியவருக்கு இந்த மூன்றும் கிடைக்காது. திட்டம் தீட்டுகிறவர்களுக்குத் தேவைப்படுவதோ இந்த மூன்றுதான். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நடுவே ஒரு வேடிக்கை. மார்க் மேசன் என்பவர் 2010இல் பிரிட்டன், அயர்லாந்து பல்கலைக்கழகங்களில் நேர்காணலை முறையாகக் கொண்ட 560 முனைவர் பட்ட ஆய்வுகளை எடுத்து, எத்தனை பேரை நேர்கண்டார்கள் என்று பட்டியலிட்டார். சராசரி 31. அது பெரிய செய்தியில்லை. எண்கள் 10, 20, 30, 40 என்று பத்துப் பத்தாகக் குவிந்திருந்தன. அதிகம் தென்பட்டவை 20ம் 30ம். நிறைவுநிலை என்பது இயல்பாக வருவதாக இருந்தால் 17இலும் வர வேண்டும், 23இலும் வர வேண்டும். முழுப் பத்தைப் பார்த்தா வரும்? நிறுத்தியது தரவு இல்லை, சினாப்சிஸில் எழுதிக் கொடுத்த எண் என்பது வெட்டவெளிச்சம். வெள்ளைக்காரர்களும் நம்மைப் போலத்தான் என்று இதில் ஓர் அற்ப ஆறுதல்.

எண்ணை எப்படித்தான் முடிவு செய்வது? 2016இல் மால்தெருத் என்ற நார்வே மருத்துவரும் அவருடைய டென்மார்க் சகாக்களும் ஒரு வழி சொன்னார்கள். நேர்காணலில் தகவலின் அடர்த்தி கூடக்கூட ஆட்கள் குறைவாகப் போதும் என்பது அதன் சாரம். நோக்கம் குறுகலா அகலமா, பேசுபவர்களுக்கு அந்த அனுபவம் நேரடியாக உண்டா, கையில் ஏற்கெனவே ஒரு கோட்பாடு இருக்கிறதா, பேச்சு ஆழமாக நடக்கிறதா, ஒருவரைத் துருவிப் பகுப்பாய்கிறோமா பலரை ஒப்பிடுகிறோமா என்ற ஐந்தையும் பார்க்கச் சொன்னார்கள். இந்த ஐந்தில் நான்காவதைத்தான் நம் ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், டோக்கன் கூப்பிடும் சத்தத்துக்கு நடுவில், பக்கத்தில் நர்ஸ் நிற்க, "ஏன் மாத்திரை நிறுத்தினீங்க?" என்று கேட்டால் "மறந்துட்டேன்மா" என்றுதான் பதில் வரும். அப்படி நாற்பது எடுக்கலாம், நாற்பது மறதி கிடைக்கும். வீட்டுக்குப் போய், மூன்றாம் தடவை போகும்போது டீ கொடுத்து, மாமியார் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் அவள் சொல்வது வேறு. அப்படிப்பட்ட பன்னிரண்டு அந்த நாற்பதைவிடப் பெரிது. எண்ணிக்கையில் சிறியது எடையில் பெரியதாக இருக்கக்கூடும் என்று கமிட்டிக்குச் சொல்ல, பேச்சு எங்கே, எவ்வளவு நேரம், எத்தனை தடவை, யார் கூட இருந்தபோது நடந்தது என்ற விவரத்தை ஆய்வேட்டில் எழுத வேண்டும். எழுதுகிறோமா?

எண்ணை இன்னும் கீழே கொண்டுபோக முடியும், ஒன்று வரைக்கும். சமூகவியலாளர் எம். என். ஸ்ரீனிவாஸ் 1948இல் மைசூர் அருகே ஒரு கிராமத்தில் தங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ராம்புரா. 1970இல் அவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது யாரோ வைத்த தீயில், அந்தக் கிராமத்தைப் பற்றிச் சீராக்கி எழுதி வைத்திருந்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் எரிந்தன. நினைவைக் கொண்டே எழுதி 1976இல் 'தி ரிமெம்பர்டு வில்லேஜ்' நூலை வெளியிட்டார். இப்போது எந்தக் கமிட்டியும் இதற்கு அனுமதி தராது. மாதிரி ஒன்று, தரவு எரிந்துவிட்டது! ஆனால் இன்று இந்தியாவின் எந்த மூலையில் தேர்தல் நடந்தாலும் தொலைக்காட்சியில் உட்கார்ந்து "ஆதிக்கச் சாதி" என்று பேசுகிறார்களே, அந்தக் கருத்தை ஸ்ரீனிவாஸ் செதுக்கி எடுத்தது ராம்புராவில்தான். நம் தஞ்சாவூரில் இன்னொரு சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய் 'ஸ்ரீபுரம்' என்று பெயரிட்ட ஒரே ஊரைப் பார்த்து, சாதியும் வர்க்கமும் அதிகாரமும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து வருவதை 1965இல் எழுதினார். அங்கும் மாதிரி ஒன்றுதான்.

இவர்கள் "இந்தியக் கிராமங்களில் இத்தனை விழுக்காட்டில் இப்படி" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தப்பு. ஓர் ஊருக்குள் அதிகாரம் எந்த வழியாகப் போகிறது என்று காட்டினார்கள். வழி தெரிந்ததும் வேறு ஊரில் அதைத் தேடிப் பார்க்கலாம். இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்கலாம். ஆகவே "இருபது பேரை வைத்துக்கொண்டு என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்ற கமிட்டி உறுப்பினரின் கேள்விக்கு மாணவி தயங்காமல் பதில் சொல்லலாம். "எத்தனை பேர் என்று சொல்ல மாட்டேன், ஐயா. எப்படி என்று சொல்வேன்." அப்படிச் சொன்னவள் ஐந்தாம் இயலில் "பெரும்பாலான நோயாளிகள்", "65 விழுக்காட்டினர்" என்று எழுதக் கூடாது. இருபதில் பதின்மூன்றை 65 விழுக்காடு ஆக்கிய நிமிடத்தில் அவள் 384காரர்களின் மைதானத்துக்குள் நுழைந்துவிட்டாள், அங்கே தோற்பாள். சிறிய மாதிரி வைத்தவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மாதிரியால் இல்லை, இந்த விழுக்காட்டு ஆசையால்.

நிறைவுநிலை என்ற கருத்தையே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். கருப்பொருள் பகுப்பாய்வில் பெயர்பெற்ற விர்ஜினியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும், பொருள் என்பது தரவுக்குள் புதைந்து கிடந்து தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும் தாது அன்று, ஆய்வாளர் படிக்கும்போது உருவாவது, ஆகவே "தீர்ந்துவிட்டது" என்பதற்கே பொருளில்லை என்கிறார்கள். அவர்கள் வாதம் வலுவானது. ஆனாலும் ஏதோ ஓரிடத்தில் அவர்களும் நிறுத்துகிறார்கள். பொருள் தீராது என்றால் நிறுத்தியதற்குக் காரணம் சொல்லும் கடமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. என் கட்சி இதுதான். எந்தச் சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்தவரானாலும் சரி, ஏன் அங்கே நிறுத்தினீர்கள் என்ற கேள்விக்குக் களத்திலிருந்து பதில் வர வேண்டும், நூலகத்திலிருந்து வரக் கூடாது.

அந்தப் பதில் இருக்க வேண்டுமானால் நேர்காணலும் படிப்பும் கூடவே நடக்க வேண்டும். நம் வழக்கம் அப்படியில்லை. கோடை விடுமுறையில் முப்பது நேர்காணலையும் எடுத்து முடிப்பது, போனில் ஒலிப்பதிவாக வைத்திருப்பது, ஆறு மாதம் கழித்து எழுத்தாக்கம் செய்ய ஆளுக்குக் கொடுப்பது, அதற்கப்புறம் குறியிடுவது. இப்படிச் செய்தவர் "நிறைவுநிலை எட்டியதால் நிறுத்தினேன்" என்று எழுத முடியாது. நிறுத்தியபோது அவர் எதையும் படித்திருக்கவில்லை. விடுமுறை முடிந்ததால் நிறுத்தினார். அதை அப்படியே எழுதலாம், அவமானம் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க நான்கைந்து மணி நேரம் ஆகும், வட்டார வழக்கு என்றால் இன்னும் கூடும். பணமும் காலமும் எல்லை வகுக்கத்தான் செய்யும். "இத்தனைதான் முடிந்தது, ஆகவே இன்னார் விடுபட்டார்கள், ஆகவே இதை மட்டும் சொல்கிறேன்" என்று எழுதும் ஆய்வை நான் மதிப்பேன்.

சினாப்சிஸில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். படிவத்தில் கட்டம் இருக்கிறது, நிரப்பித்தான் ஆக வேண்டும், நெறிமுறைக் குழுவும் எண் கேட்கும். ஒரு வீச்சைக் கொடுங்கள்: "18 முதல் 26 வரை". எந்தெந்த வகை ஆட்கள், ஒவ்வொரு வகையிலும் குறைந்தது எத்தனை பேர், ஏன் அந்த வகைகள் என்று எழுதுங்கள். நிறுத்தும் விதியை முன்கூட்டியே எழுதுங்கள். ஃபிரான்சிசும் சகாக்களும் 2010இல் சொன்ன விதி ஒன்று உண்டு. முதலில் பத்து நேர்காணல், அதன்பின் தொடர்ந்து மூன்றில் புதிதாக ஒன்றும் வராவிட்டால் நிறுத்தலாம். கோட்பாட்டுச் சட்டகம் தெளிவாக உள்ள ஆய்வுக்கு இது நன்றாக உதவும், எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கு வேறு விதி இருக்கலாம். களத்துக்குப் போகும் முன் அது காகிதத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

களம் முடிந்த பிறகு முறையியல் இயலில் எழுத வேண்டியதற்கு நம் கற்பனை மாணவியையே எழுதச் சொல்வோம்: "18 முதல் 26 பேர் என்று திட்டமிட்டேன். 22 பேரைச் சந்தித்தேன். முதல் எட்டுப் பேரும் ஆண்கள், புறநோயாளிப் பிரிவின் வழியாகக் கிடைத்தவர்கள். ஒன்பதாவது நேர்காணலில் குடும்பத்தாரிடம் மறைத்தல் முதன்முறையாக வந்ததால், அதன்பின் பெண்களையும் கூட்டுக்குடும்பத்தில் இருப்பவர்களையும் தேடிச் சென்றேன். பதினேழாவதுக்குப் பிறகு புதிய காரணம் எதுவும் வரவில்லை. ஆனால் வெட்கம் பற்றிய விவரம் இருபதாவது வரை விரிந்துகொண்டே இருந்தது. கடைசி இரண்டில் அதுவும் விரியவில்லை. இடம்பெயர்ந்து வந்த வெளிமாநிலத் தொழிலாளர்களை மொழித் தடையால் சேர்க்க இயலவில்லை. இந்த முடிவுகள் அவர்களுக்குப் பொருந்துமா என்று என்னால் கூற இயலாது." அரைப் பக்கம்கூட இல்லை. ஒரே ஒரு மேற்கோள்கூட இல்லை. இதைப் படிக்கிற தேர்வாளர் 22 போதாது என்று சொல்ல நினைத்தால், எங்கே போதவில்லை என்று விரல் வைத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்குத் தேவையான கருவி ஒரு நோட்டுதான். ஒவ்வொரு நேர்காணலும் முடிந்த அன்று இரவே தேதி, ஆள் எந்த வகை, எவ்வளவு நேரம், புதிதாக என்ன, பழையதில் எது மாறியது, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்ற ஆறு பத்தியை நிரப்புவது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் அந்த ஆறாவது பத்தியை உங்களுக்காக நிரப்பாது.

நெறியாளர்களிடமும் தேர்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். "சாம்பிள் எவ்வளவு?" என்று கேட்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. தாராளமாகக் கேளுங்கள். கேட்ட கையோடு அந்த நோட்டையும் கடைசி மூன்று நேர்காணலின் எழுத்துப்படியையும் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். அந்த மூன்றில் புதிதாக என்ன இருந்தது, உங்கள் முடிவுக்கு எதிராகப் பேசிய ஆள் யார், அவரைத் தேடிப் போனீர்களா, தானாக வந்தாரா என்று கேளுங்கள். வைவாவில் இப்படிக் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் போதும், அடுத்த ஆண்டு வருகிற மாணவர்கள் முதல் நேர்காணல் முடிந்த இரவிலிருந்தே படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.